படைத்தலைவனின் நூல்களும் புலிமான்கோம்பைக் கல்லும்

மகா அலெக்சந்தரைப் பற்றிய கதைகள் நம் திருச்சபைகளின் பிரசங்க பீடங்களில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. அவற்றுள் ஒன்று அடக்க ஆராதனைகளில் அடிக்கடி கேட்கப்படுவது. உலகை வென்ற அம்மன்னன், தான் இறந்தபின் தன் இரு கைகளையும் சவப்பெட்டிக்கு வெளியே நீட்டி வைக்குமாறு கட்டளையிட்டானாம். எதையும் தன்னோடு கொண்டு செல்லவில்லை என்பதை உலகம் காண வேண்டும் என்பது அவன் கருத்தாம். கேட்போர் உள்ளத்தைத் தொடும் கதை இது. ஆயினும் அவனைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள பண்டைய கிரேக்க, இலத்தீன் வரலாற்று நூல்கள் ஐந்தில் எதிலும் இக்கதை இல்லை. மாறாக, அவற்றுள் ஒன்றை எழுதிய டயோடரஸ், மன்னனின் உடல் பொன் தகட்டால் செய்த பேழையில் வைக்கப்பட்டதையும், அதைத் தாங்கிய ஊர்தியைச் செய்து முடிக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆனதையும், 64 கோவேறு கழுதைகள் அதை இழுத்ததையும் விரிவாக எழுதியுள்ளார். வெறுங்கையின் கதையைத் தேடிச் செல்பவர் பொற்பேழையின் வரலாற்றையே காண்கிறார்.

இதைக் கூறுவது எளிய ஊழியர்களைக் குறை கூறுவதற்காக அன்று. ஒரு புகழ்பெற்ற மனிதனைப் பற்றிய நூல்கள் எவ்வாறு உண்டாகின்றன, அவற்றில் எதை நம்பலாம், எவருடைய பெயர்கள் அவற்றில் இடம்பெறாமல் போகின்றன என்னும் வினாக்கள் இறையியல் பயில்வோருக்கு மிக நெருங்கியவை. ஏனெனில் நம்முடைய விசுவாசமும் எழுதப்பட்ட சாட்சிகளின் வழியாகவே நம்மிடம் வந்து சேர்ந்தது. இவ்வினாக்களை ஆராய, தேனி மாவட்டத்தில் கண்டெடுக்கப்பட்ட ஒரு சிறு நடுகல் நமக்குப் பெரிதும் உதவும். அதற்கு முன் நூல்களை நோக்குவோம்.

1. நூல்களும் அவற்றின் காலமும்

அலெக்சந்தர் கி.மு. 356இல் பிறந்து, கி.மு. 323இல் பாபிலோனில் இறந்தான். அவனுடைய படையெடுப்புகளைத் தொடர்ச்சியாகக் கூறும் பண்டைய நூல்களில் ஐந்தே இன்று எஞ்சியுள்ளன. டயோடரஸ் கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதியவர். மன்னன் இறந்து ஏறத்தாழ 280 ஆண்டுகளுக்குப் பிற்பட்டவர். இலத்தீனில் எழுதிய கர்ட்டியசின் நூல் கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது பெரும்பாலோர் கருத்து. அதன் பத்துப் பகுதிகளில் முதல் இரண்டும் அழிந்துபோயின. புளுட்டார்க் ஏறத்தாழ கி.பி. 100ஐ ஒட்டிய காலத்தவர். அர்ரியன் கி.பி. 2ஆம் நூற்றாண்டினர். ஜஸ்டின் என்பவர் தந்திருப்பது திரோகஸ் எழுதிய ஒரு பெருநூலின் சுருக்கமே. இவர்களுள் ஒருவரேனும் அலெக்சந்தரைக் கண்டவர் அல்லர். அவனைக் கண்டவரைக் கண்டவரும் அல்லர்.

அப்படியானால் நேரில் கண்டவர்கள் எழுதவில்லையா? எழுதினார்கள். படையோடு வரலாற்றாசிரியனாகவே அழைத்துச் செல்லப்பட்ட கலிஸ்தனிஸ், படைத்தலைவனாக இருந்து பின்னர் எகிப்தின் அரசனான தாலமி, உடன் சென்ற அரிஸ்டோபுலஸ், கப்பற்படையை நடத்திய நியார்க்கஸ், ஒனசிக்ரிட்டஸ் ஆகியோர் எழுதினர். இந்நூல்கள் அனைத்தும் மறைந்துபோயின. பிற்காலத்தார் எடுத்தாண்ட துண்டுகளில் மட்டுமே அவற்றின் குரலைக் கேட்கிறோம். ஐந்து மூலங்கள் உள்ளன என்று சொல்லும்போது, மறைந்துபோன வேறு மூலங்களின் மீது கட்டப்பட்ட ஐந்து கட்டடங்கள் நமக்கு உள்ளன என்பதே பொருள்.

2. சாட்சிகளின் மதிப்பு

இந்த ஐவருள் அர்ரியனையே அறிஞர்கள் பெரும்பாலும் முதன்மையாகக் கொள்வர். நிக்கொமேதியாவில் பிறந்து, எபிக்டீட்டஸ் என்னும் தத்துவ ஞானியிடம் பயின்று, உரோமப் பேரரசின் கீழ் கப்பதோக்கியாவின் ஆளுநராக இருந்தவர் அவர். தாம் தாலமியையும் அரிஸ்டோபுலசையும் ஏன் பின்பற்றுகிறார் என்பதைத் தம் நூலின் தொடக்கத்திலேயே விளக்குகிறார். இருவரும் மன்னனோடு படைநடந்தவர்கள். தாலமி தானும் அரசனாதலால் பொய் கூறுவது அவருக்கு அதிக இழிவாகும். இருவரும் மன்னன் இறந்த பின்னர் எழுதியதால், அச்சமோ கூலியோ அவர்களை வளைக்க இயலாது. இவை அவர் கூறும் காரணங்கள்.

மூலங்களைத் தெரிந்துகொண்டதற்குக் காரணம் சொல்லும் இப்பழக்கம் பாராட்டுக்குரியது. எனினும் அக்காரணங்களை நாம் நிறுத்துப் பார்க்க வேண்டும். மன்னனின் உடலை ஏந்திய அப்பொன் ஊர்தியை எகிப்துக்குத் திருப்பிக் கொண்டுசென்றவன் இதே தாலமிதான். அவ்வுடல் எவரிடம் இருந்ததோ அவருடைய ஆட்சியுரிமை வலுப்பெற்றது. இறந்த மன்னனின் புகழில் இவ்வளவு பங்கு கொண்ட ஒருவர் எழுதிய நூலைப் பற்றற்ற சாட்சி என்று கூற இயலுமா? அரசர்கள் பொய் கூற வெட்கப்படுவர் என்பதை வரலாறு மெய்ப்பிக்கவில்லை.

இந்த இரு சாட்சிகளும் எல்லாவற்றிலும் ஒத்திருக்கவும் இல்லை. கலிஸ்தனிஸ், மன்னனை விழுந்து வணங்கும் வழக்கத்தை எதிர்த்ததால் அவனுடைய சினத்திற்கு ஆளாகி, பின்னர் ஒரு சதியில் தொடர்புடையவன் என்று சிறைப்பட்டான். அவன் முடிவைக் குறித்து, விலங்கிடப்பட்டுப் படையோடு இழுத்துச் செல்லப்பட்டு நோயால் இறந்தான் என்கிறார் அரிஸ்டோபுலஸ். வதைக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டான் என்கிறார் தாலமி. இருவரும் அப்போது பாளையத்தில் இருந்தவர்கள். அர்ரியன் இந்த முரண்பாட்டை மறைக்கவில்லை. அருகில் இருந்த நம்பத்தக்க இருவரே இவ்வளவு வெளிப்படையான ஒரு நிகழ்ச்சியில் வேறுபடுகின்றனரே என்று தம் வாசகருக்கு எடுத்துக் காட்டுகிறார். அவருடைய நூலில் நமது நம்பிக்கையைப் பெறும் இடம் இதுவே.

அந்தக் கலிஸ்தனிசும் ஒரு பாடம் கற்பிக்கிறான். பம்பிலியாவின் கரையோரமாக மன்னன் சென்றபோது கடல் தன் தலைவனை அறிந்துகொண்டு பணிந்து விலகியது என்று எழுதியவன் அவனே. நிகழ்ச்சிக்கு மிக அருகில் இருந்தான், கண்ணால் கண்டான், ஆயினும் முகமன் எழுதினான். பின்னாளில் வணங்க மறுத்து உயிரிழந்தவனும் அவனே. எனவே ஒரு சாட்சியின் மதிப்பை அவன் எவ்வளவு அருகில் நின்றான் என்பதைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது. எவருடைய நிழலில் நின்றான் என்பதையும் கேட்க வேண்டும்.

இதற்குத் தீரு பட்டணத்தின் வீழ்ச்சி தெளிவான சான்று. கி.மு. 332இல் ஏழு மாத முற்றுகைக்குப் பின் தீரு பிடிபட்டது. ஏறத்தாழ 8,000 பேர் மாண்டதாகவும், 30,000 பேர் அடிமைகளாக விற்கப்பட்டதாகவும் அர்ரியன் எழுதுகிறார். டயோடரசும் கர்ட்டியசும் வேறொன்றையும் கூறுகின்றனர்: போரில் தப்பிய 2,000 பேர் சிலுவைகளில் அறையப்பட்டனர், கடற்கரை நெடுக அச்சிலுவைகள் நின்றன என்கிறார் கர்ட்டியஸ். அர்ரியனின் நூலில் இச்சிலுவைகள் இல்லை. சிறந்தது என்று நாம் மதிக்கும் நூலே இதைச் சொல்லாமல் விட்டது என்பதைச் சிலுவையைப் பிரசங்கிக்கிற நாம் மறக்கலாகாது. அந்த 2,000 பேரில் ஒருவனுடைய பெயரும் எந்த நூலிலும் இல்லை.

3. வெல்லப்பட்டோர் எழுதியவை

வென்றவன் பக்கம் நின்று எழுதப்பட்டவை மட்டுமே நமக்குக் கிடைத்தவை அல்ல. தானியேலின் தரிசனத்தில் இரு கொம்புள்ள ஆட்டுக்கடாவை மோதித் தள்ளும் வெள்ளாட்டுக்கடா தோன்றுகிறது; அதன் பெரிய கொம்பு, அது வல்லமை கொண்டிருக்கும்போதே முறிந்துபோகிறது. பெயர் கூறப்படாவிடினும் யார் என்பது தெளிவு. மக்கபேயர் முதல் நூல் அலெக்சந்தரைப் பெயர் சொல்லியே தொடங்குகிறது. அவனுடைய படையெடுப்புகள், அவன் உள்ளத்தின் செருக்கு, நோய், சாவு, பன்னிரண்டாண்டு ஆட்சி ஆகிய அனைத்தும் ஒரு சில வசனங்களில் முடிந்துவிடுகின்றன. இந்நூல் ஏறத்தாழ கி.மு. 100ஐ ஒட்டி எழுதப்பட்டது. டயோடரசின் நூலுக்கும் முற்பட்டது. நமது மரபில் தள்ளுபடி ஆகமங்களுள் ஒன்றாக வைக்கப்பட்டிருப்பினும், வெல்லப்பட்ட ஒரு மக்களின் நினைவில் அம்மன்னன் எவ்வாறு நிலைத்திருந்தான் என்பதற்கு இது அரிய சான்று.

ஆயினும் வெல்லப்பட்டோரின் எழுத்தும் ஆராயப்பட வேண்டியதே. அலெக்சந்தர் எருசலேமுக்கு வந்து பிரதான ஆசாரியரைப் பணிந்தான் என்றும், தானியேலின் நூல் அவனுக்குக் காட்டப்பட்டது என்றும் யோசிபஸ் எழுதியுள்ளார். நமக்கு உகந்த செய்தி இது. ஆனால் மேற்கூறிய ஐந்து நூல்களில் ஒன்றும் இவ்வருகையைக் குறிப்பிடவில்லை. அறிஞர் பலரும் இதைப் பிற்காலக் கதை என்றே கொள்கின்றனர். நமக்கு இனிப்பது என்பதால் ஒரு செய்தி உண்மையாகிவிடாது.

காலத்தால் எல்லாவற்றிலும் நெருங்கிய சான்று மிகச் சிறியது. பாபிலோனின் வானியலாளர் ஒவ்வொரு நாளும் வானத்தில் கண்டதைக் களிமண் பலகைகளில் குறித்து வந்தனர். வாற்கோதுமையின் விலையும் ஐபிராத்து நதியின் நீர்மட்டமும் அவற்றில் இடம்பெறும். கி.மு. 323ஆம் ஆண்டுக்குரிய பலகை ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. மன்னன் இறந்தான் என்பதும், வானம் மேகமூட்டமாக இருந்தது என்பதும் அதில் உள்ள குறிப்பு. உலகை வென்றவனுடைய சாவு, அன்றைய மேகத்தோடு சேர்த்து ஒரே வரியில் எழுதப்பட்டது.

4. பாண்டிய நாடும் புலிமான்கோம்பைக் கல்லும்

அலெக்சந்தர் கி.மு. 326இல் ஜீலம் ஆற்றங்கரையில் போரஸ் மன்னனை வென்று, பியாஸ் ஆற்றோடு திரும்பிவிட்டான். தென்னாட்டை அவன் கண்டதில்லை. ஆயினும் அவனைப் பற்றி எழுதிய அதே அர்ரியன் இந்தியாவைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். சந்திரகுப்த மௌரியரின் அவைக்குத் தூதராக வந்த மெகஸ்தனிசின் நூலை அவர் அதில் எடுத்தாளுகிறார். கிரேக்கத் தெய்வ வீரனான எராக்கிளிஸின் மகள் பாண்டையா என்பவள் ஒரு நாட்டை ஆண்டாள்; தந்தை அவளுக்கு 500 யானைகளையும் 4,000 குதிரை வீரரையும் 1,30,000 காலாட்படையினரையும் கொடுத்தான் என்பது செய்தி. பாண்டிய நாட்டைப் பற்றித் தொலைவில் கேட்ட பேச்சின் திரிபு இது என்று அறிஞர் பலர் கருதுவர். அவளைப் பற்றிய கதைகளில் நம்ப இயலாதவற்றை அர்ரியனே ஐயத்தோடு குறிப்பிடுகிறார். கிரேக்க நூல்களில் நம் நாடு நுழைந்த விதம் இது.

அந்நூற்றாண்டிலேயே பாண்டியரின் பெயர் கல்லிலும் பொறிக்கப்பட்டது. அசோகரின் 13ஆம் பாறைச் சாசனம் சோழரையும் பாண்டியரையும் குறிப்பிடுகிறது; கிரேக்க மன்னர் ஐவரையும் குறிப்பிடுகிறது. அவருள் ஒருவன் பெயரும் அலெக்சந்தரே. ஆனால் அவன் பிற்காலத்து வேறொரு சிற்றரசன். இச்சாசனத்தின் சிறப்பு வேறொன்றில் உள்ளது. கலிங்கப் போரில் ஒன்றரை இலட்சம் பேர் சிறைபிடித்துக் கொண்டுசெல்லப்பட்டனர், ஒரு இலட்சம் பேர் கொல்லப்பட்டனர் என்று வென்ற மன்னனே தன் துயரத்தோடு பதிவு செய்கிறான். அலெக்சந்தரின் நூல்களில் இத்தகைய குரல் கேட்பதரிது. ஆயினும் இங்கும் மாண்டவர்கள் எண்ணிக்கையாகவே நிற்கின்றனர்; பெயர்களாக இல்லை.

இப்போது தேனிப் பகுதிக்கு வருவோம். 1996இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட தேனி மாவட்டத்தில், ஆண்டிபட்டி வட்டத்தில், வைகை ஆற்றுப்படுகையில் உள்ளது புலிமான்கோம்பை என்னும் சிற்றூர். 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் கா. ராஜனும் அவருடைய மாணவர்களும் அங்கு மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். மூன்றிலும் தமிழ்-பிராமி எழுத்துகள் உள்ளன. எழுத்தமைதியைக் கொண்டு ஆய்வாளர் பலர் இவற்றைக் கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டியவை எனக் கணிப்பர். சற்று முன்னும் பின்னும் கொள்வோரும் உளர். எழுத்துப் பொறித்த நடுகற்களில் இந்தியாவில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழமையானவை இவையே என்பது பொதுவான கருத்து. அலெக்சந்தரின் தோழர்கள் தம் நினைவுகளை எழுதிய காலத்திற்கு இவை வெகு தொலைவில் இல்லை.

அவற்றுள் ஒரு கல் முழுமையாகப் படிக்கத்தக்கது. பேடு என்னும் ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவன் என்பவனுக்குரிய கல் அது. கூடலூரில் நடந்த ஆகோளில் அவன் இறந்தான் என்பது அதன் பொருள். மற்றொரு கல் வேளூர் என்னும் ஊரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மூன்றாவது சிதைந்து, தனக்குரியவனின் பெயரை இழந்துவிட்டது.

ஆகோள் என்பது பகைவரின் ஆநிரைகளைக் கவர்வது. தொல்காப்பியம் வெட்சித்திணையில் இதைக் கூறுகிறது. இறந்த வீரனுக்குக் கல்லைத் தேர்ந்து, நீரில் ஆட்டி, நட்டு, வாழ்த்தும் முறையையும் படிப்படியாகக் கூறுகிறது. இலக்கணம் விதித்த சொல், மண்ணில் நட்ட கல்லில் அப்படியே காணப்படுவது வியப்புக்குரியது. கல்வெட்டுக் கூறும் கூடலூர், கம்பம் பள்ளத்தாக்கின் தென்பகுதியில் மலையடிவாரத்தில் இன்றும் உள்ள கூடலூராக இருக்கலாம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். சேர நாட்டுக்கு மலையேறிச் செல்லும் வழி அது. இருபுறமும் மேய்ச்சல் நிலங்கள் உள்ள பள்ளத்தாக்கு அது. மாடே செல்வமாக இருந்த நாளில் மாட்டுக்காக உயிர் போவது அங்கு நிகழக்கூடியதே.

அந்தவன் கவர்ந்தவர் பக்கம் நின்றானா, மீட்டவர் பக்கம் நின்றானா என்பதைக் கல் விளக்கவில்லை. அவன் எத்தனை பேரைக் கொன்றான் என்பதைச் சொல்லவில்லை. கடல் அவனுக்குப் பணிந்தது என்றும் சொல்லவில்லை. அவன் யார், எவ்வூரான், எங்கு, எதில் இறந்தான் என்பவற்றை மட்டும் கூறுகிறது. எழுதியவர்கள் அவனை அறிந்தவர்கள். படித்தவர்களும் அவனை அறிந்தவர்களாக இருந்திருக்க வேண்டும். மிகைபடக் கூறுவதற்கு அங்கு இடமில்லை.

5. நாம் கற்க வேண்டியவை

இவற்றிலிருந்து நமது பணிக்குரிய மூன்று கருத்துகளைக் கூற விரும்புகிறோம்.

முதலாவது, அலெக்சந்தரின் வரலாறுகள் அவன் இறந்து பல நூற்றாண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டவை. நற்செய்தி நூல்களோ நிகழ்ச்சிகளுக்கு மிக நெருங்கியவை. ஆகவே நற்செய்திகளின் உண்மை உறுதிப்படுகிறது என்னும் வாதம் நம்மிடையே வழங்குகிறது. இதன் முற்பகுதி சரியே. பவுலடியாரின் நிருபங்கள் கி.பி. 50 அளவிலேயே தொடங்குகின்றன. மாற்குவின் நற்செய்தி ஏறத்தாழ கி.பி. 70ஐ ஒட்டியது என்பது பெரும்பாலோர் கணிப்பு. ஆனால் நெருக்கம் ஒன்றே போதுமானால் கலிஸ்தனிசின் பணிந்த கடலையும் நாம் ஏற்க வேண்டியிருக்கும். நற்செய்தியாளரை நாம் மதிப்பது அவர்கள் காலத்தால் நெருங்கியவர்கள் என்பதற்காக மட்டும் அன்று. அரசன் ஒருவனின் நிழலில் நின்று அவர்கள் எழுதவில்லை. தம் தலைவர்களான சீடர்களின் ஓட்டத்தையும் மறுதலிப்பையும் மறைக்கவில்லை. நால்வரிடையே உள்ள வேறுபாடுகளைத் திருச்சபையும் அழித்து ஒன்றாக்கவில்லை. இவ்வேறுபாடுகளைக் கண்டு மாணவர் கலங்க வேண்டியதில்லை, மறைக்கவும் வேண்டியதில்லை. தாலமியும் அரிஸ்டோபுலசும் முரண்பட்ட இடத்தை மறைக்காத அர்ரியனுக்குள்ள நேர்மை நம்மிடம் குறைவாக இருக்கலாகாது.

இரண்டாவது, பிரசங்க பீடத்தில் கூறும் எடுத்துக்காட்டுகளும் உண்மைக்குக் கட்டுப்பட்டவை. துயருற்ற ஒரு குடும்பத்தின் முன் நின்று, நடவாத ஒன்றை நடந்ததாகக் கூறி ஆறுதல் அளிக்க வேண்டிய வறுமை நற்செய்திக்கு இல்லை. கதையைக் கதையென்று சொல்லிக் கூறுவதில் தவறில்லை. வரலாறென்று கூறினால், உயிர்த்தெழுதலையும் அதே வாயினால் வரலாறென்று கூறும்போது கேட்பவர் எதை எதனோடு சேர்த்து எண்ணுவர் என்பதைச் சிந்திக்க வேண்டும்.

மூன்றாவது, நமது சபைகளின் வரலாற்றை நாம் எழுதும் முறை. அமெரிக்க மதுரை மிஷன் 1834இல் தொடங்கியது; அதன் ஊழியம் பின்னர் மேற்கு மலைகளின் அடிவாரம் வரை பரவியது. இன்று நூற்றாண்டு மலர்களும் சபை வரலாறுகளும் பல வெளிவருகின்றன. அவற்றில் பெரும்பாலும் மிஷனெரிகள் படைத்தலைவர்களைப் போல முன்னே நிற்கின்றனர். எந்த ஆண்டில் எந்த ஊரைப் பிடித்தார்கள் என்பது போன்ற நடையும் காணப்படுகிறது. அவர்களுடைய உழைப்பை நன்றியோடு நினைப்பது நம் கடமை. ஆனால் கிராமத்துக்குக் கிராமம் நடந்த உபதேசியார்கள், வீடுதோறும் சென்று எழுத்தறிவித்த வேதாகமப் பெண்கள், கூலியிழந்தும் ஊரின் வெறுப்பைத் தாங்கியும் முதன்முதலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஆகியோரின் பெயர்கள் எங்கே? பல மலர்களில் அவர்கள் ஆண்டறிக்கையின் எண்ணிக்கையாகவே நிற்கின்றனர்.

இதற்குப் பெருநூல் தேவையில்லை. கம்பம் பள்ளத்தாக்கிலோ வேறெங்கோ ஊழியம் செய்யச் செல்லும் ஒரு மாணவர், சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் அடக்கப் பதிவேட்டையும் திறந்து, முதியோரிடம் கேட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதி வைத்தால் போதும்: பெயர், ஊர், செய்த பணி, இறந்த விதம். சொல்பவர் பெயரையும் உடன் குறிக்க வேண்டும். இருவர் வேறுபட்டுக் கூறினால் இரண்டையும் எழுத வேண்டும். பதிவேடுகளைக் கரையான் அரிக்குமுன், முதியோர் நினைவு மங்குமுன் இதைச் செய்தாக வேண்டும். புலிமான்கோம்பையின் மூன்றாவது கல்லைப் போல் சிதைந்துபோனவற்றை எந்த ஆய்வாலும் மீட்க இயலாது.

புதிய ஏற்பாட்டில் அலெக்சந்தர் என்னும் பெயர் சில இடங்களில் வருகிறது. அவற்றுள் ஒன்றும் அப்படைத்தலைவனைக் குறிப்பதன்று. மாற்கு குறிப்பிடும் அலெக்சந்தர், வயலிலிருந்து வந்துகொண்டிருந்தபோது பிடிக்கப்பட்டு, பிறர் கட்டாயத்தால் நம் ஆண்டவரின் சிலுவையைச் சுமந்த சிரேனே ஊரானாகிய சீமோனின் மகன். சீமோன் யார் என்பதைத் தம் சபையார் அறியும்படி, அவர்களுக்குத் தெரிந்த அவன் மக்கள் இருவரின் பெயரை மாற்கு ஒரே தொடரில் குறித்து வைத்தார். பெயர், ஊர், அவன் சுமந்தது ஆகிய மூன்றே அதில் உள்ளன. நம் சபைகளின் பதிவேடுகளிலும் அவ்வளவு எழுதுவது நம்மால் இயலும்.